எடுத்துக் கொடுக்க ஆளில்லை

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று ஒரு சுற்றறிக்கை. இனி ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசி ஐந்து நிமிடம் 'கேள்வி நேரம்'. மாணவர்கள் கேட்கலாம், சந்தேகப்படலாம், ஆசிரியர் சொன்னது தவறென்று பட்டால் அதையும் எழுந்து சொல்லலாம். படித்துவிட்டதற்கு அடையாளமாக எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும். துணை முதல்வர் என்பதால் முதல் கையெழுத்து என்னுடையது. பேனா காகிதத்தைத் துளைத்துக்கொண்டு மேசை வரை போனது.

முதல்வர் வந்து மூன்று மாதம். வயது முப்பத்தெட்டு. எனக்கு ஐம்பத்து மூன்று. இந்த மதரஸாவில் இருபத்து நான்கு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். அதில் பதினொரு வருடம் துணை முதல்வர். பழைய முதல்வர் ஓய்வு பெற்ற வாரம், அவருடைய நாற்காலியின் கால் ஆடுகிறதென்று தச்சரைக் கூட்டிவந்து சரி செய்தவன் நான். யாருக்காகச் சரி செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இவன் என் மாணவன். (நேரில் 'நீங்க' போட வேண்டியிருக்கிறது. இந்த நோட்டிலாவது 'இவன்' என்று எழுதிக்கொள்கிறேன்.) இங்கே ஏழு வருடம் ஓதினான். பிறகு வெளியே போய்க் கல்வியியலில் ஒரு பட்டம், அதன் மேல் இன்னொன்று. பதினைந்து வயதில் ஒரு நாள், வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, "உஸ்தாத், அது அப்படி இல்ல" என்று என்னைத் திருத்தினான். நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம் அது. ஒரு மாதம் பின்சுவரோரம் நின்றுகொண்டே பாடம் கேட்க வைத்தேன்.

அன்று அவன் சொன்னது சரிதான். அது வேறு விஷயம்.

செப்டம்பர் 5, வியாழன்

என் மார்க்கச் சட்ட வகுப்பில் முதல் கேள்வி நேரம். இருபத்திரண்டு பேர், ஐந்தாம் ஆண்டு. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு வாயும் திறக்கவில்லை. ஒருவன் தும்மினான். தும்மியதற்கு இறைவனைப் புகழ வேண்டும் அல்லவா, அதைக்கூட உதட்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டான்.

ஐந்து நிமிடம் வீண். குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 11, புதன்

தலைவர் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். இரும்புக்கடை. மதரஸா கமிட்டியின் முடிவுகள் எல்லாம் அங்கேதான், ஆணி டப்பாக்களுக்கும் பூட்டுகளுக்கும் நடுவில், பிறக்கின்றன.

"உஸ்தாத், புது ஆள் எப்படி?"

"நல்ல உழைப்பாளி" என்றேன். இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

"ஆறு மாசம் பார்ப்போம்னுதான் போட்டிருக்கோம். டிசம்பர்ல கமிட்டி கூடுது. அதுக்கு முன்னாடி நீங்க ஒரு அறிக்கை குடுங்க. உள்ளது உள்ளபடி. எங்களுக்கு வகுப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எங்க தெரியுது?"

"சரிப்படலன்னு எழுதினா?"

"எழுதினா அவர் போய்டுவாரு. வேற ஆள் தேடிக்கிட்டு எங்க போறது? நீங்கதான்." பூட்டு ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்தபடியே சொன்னார். "மே மாசமே உங்க பேர்தான் வந்துச்சு. ரெண்டு பேர் கையத் தூக்கல."

அந்த இரண்டு பேர் யாரென்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. பதினோரு வருடமாக அவர்களுடைய ஸலாமுக்கு நான் பதில் சொல்லும் விதத்தை வைத்து, அவர்கள் மேல் எனக்கு என்ன எண்ணம் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

இதே தலைவரிடம்தான் பதினான்கு வருடத்துக்கு முன்னால் எண்பது பக்கத்தில் ஒரு பாடத்திட்டச் சீர்திருத்தம் எழுதிக் கொடுத்தேன். மூன்று கோடை விடுமுறை அதற்குப் போனது. அடுத்த வருடம் அதை நான் பார்த்த இடம் அலுவலக அலமாரியின் அடியில், தரை சமமில்லாத மூலையில். இன்றைக்கும் அந்த அலமாரி ஆடாமல் நிற்கிறது. என் கல்விச் சேவை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, இன்னைக்கு இவ்வளவு வெளிச்சமா இருக்கீங்க? யாருக்குக் கெட்ட நேரம்?"

இருபத்தேழு வருடக் குடித்தனம். ஒன்றையும் மறைக்க முடியாது.

செப்டம்பர் 25, புதன்

இவனுடைய அடுத்த கண்டுபிடிப்பு: ஒருவர் வகுப்பில் இன்னொருவர் வாரம் ஒரு முறை உட்கார்ந்து பார்த்து, இரண்டு வரி எழுதித் தர வேண்டும். இன்று என் வகுப்பின் பின்வரிசையில் கணக்கு வாத்தியார். மத்தியானப் பாடங்களுக்கு வருகிற சின்னப் பையன். பையன் என்றால், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா.

அவன் எழுதித் தந்தது: "பாடம் மிகத் தெளிவு. ஒருவரும் பேசவில்லை."

இரண்டுமே பாராட்டு. அறிக்கைக்கான கோப்பில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

கோப்பில் இதுவரை பதினான்கு குற்றச்சாட்டுகள். ஆசிரியர் கூட்டம் என்ற பெயரில் தேநீருக்கு நாற்பது நிமிடம். மாணவர்களோடு சேர்ந்து முதல்வரே முற்றம் பெருக்குவது. குர்ஆன் மனனப் பிரிவுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல் ஓய்வு, அதில் பந்து விளையாட்டு. எல்லாவற்றிலும் பெரியது கேள்வி நேரம். மற்ற வகுப்புகளில் இது சந்தைக் கடையாகிவிட்டது. கணக்கு வகுப்பிலிருந்து வரும் கூச்சலில் என் வகுப்புச் சுவர் அதிர்கிறது. இன்று யாரோ ஒருவன், "ஸார், நீங்க போட்டது தப்பு ஸார்!" என்று ஏதோ புதையல் கண்ட மாதிரி கத்தினான். அந்த வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கிறான்.

என் வகுப்பில் வழக்கம்போல் ஐந்து நிமிட மௌனம். இருபத்து இரண்டு பேரும் தங்கள் கால் விரல்களை ஆராய்கிறார்கள். அவர்களில் ஒட்டகம் என்று ஒருவன் (ஆறடிக்கு மேல், கழுத்தே ஒரு முழம், பெயர் வைத்தது நானில்லை, ஆனால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்), அவன் மட்டும் அவ்வப்போது கழுத்தை நீட்டிக் கடிகாரத்தைப் பார்க்கிறான்.

"ஆசிரியர் மீதுள்ள மரியாதையைக் குலைக்கும் ஏற்பாடு" என்று அறிக்கைக்கு ஒரு வாக்கியம் எழுதி வைத்தேன். நல்ல வாக்கியம்.

அக்டோபர் 16, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

திங்கள் முதல் புதன் வரை சுபுஹு, விடியற்காலைத் தொழுகை, தொழவைப்பது என் முறை. இன்று குர்ஆனின் ஒரு நீண்ட அத்தியாயத்தை ஓதினேன். நபிமார்கள் ஒவ்வொருவராகத் தத்தம் கூட்டத்தாரிடம் வந்து, முதலில் ஏறக்குறைய ஒரே சொற்களைச் சொல்லும் பகுதி. மனனம் செய்தவர்கள் எல்லோரும் பயப்படுகிற இடம் அது. சொற்கள் ஒன்றாக இருக்கும், வழி பிரியும். கொஞ்சம் கவனம் பிசகினால் ஒரு கூட்டத்தாருக்கு உரியதை இன்னொரு கூட்டத்தாரிடம் சொல்லிக்கொண்டிருப்போம். எனக்கு அந்தப் பயம் கிடையாது. பன்னிரண்டு வயதில் மனனம் முடித்தவன்.

தொழுகை முடிந்து சமையலறைப் பக்கம் போனேன். சமையல்காரர் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிந்து கருகிய வாசனை.

"என்ன, தூங்கிட்டீங்களா?"

"நான் எங்க தூங்கினேன்? உங்களாலதான் உஸ்தாத்."

"என்னாலயா?"

"பதினாறு வருஷமா உங்க ஓதல வச்சுத்தான் பால் வைக்கிறேன். சிறுதீயில வச்சிட்டுக் கடைசி வரிசைல வந்து நிப்பேன். நீங்க தொழுகைய முடிச்சு ஸலாம் குடுக்கவும் பால் பொங்கவும் சரியா இருக்கும். இன்னைக்கு நீங்க அந்த இடத்த ரெண்டு தடவ சுத்திட்டீங்களே."

"எந்த இடத்த?"

"அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு இடத்துல நீட்டி இழுத்து இறக்குவீங்க பாருங்க. அது வந்துச்சு, போச்சு. கொஞ்ச நேரத்துல மறுபடி அதே வந்துச்சு. சரி, இன்னைக்குப் பால் அவ்வளவுதான்னு நெனச்சேன்."

சிரித்துவிட்டு வந்தேன். உமக்கு என்ன தெரியும் என்கிற சிரிப்பு.

அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலையில் ஓதியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஆது கூட்டத்தார், அவர்களுக்கு வந்த நபி, அவர் சொன்னது, அவர்கள் முடிவு. அடுத்து ஸமூது கூட்டத்தார். பொதுவான சொற்கள். அதன் பிறகு... ஒவ்வொரு மேட்டிலும் கட்டடம் கட்டுகிறீர்களே என்ற கேள்வி. அது ஆது கூட்டத்தாருக்கானது. முதலில் முடித்துவிட்டு வந்த கூட்டம்.

சமையல்காரர் சொன்னது சரி. பிரிகிற இடத்தில் வழி தவறி, வந்த வழியே திரும்பி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கிறேன். எனக்குத் தெரியவே இல்லை.

பின்னால் யார் யார் நின்றார்கள்?

அக்டோபர் 17, வியாழன்

தொழவைப்பவர் இடம் மாறிப் போனால் பின்னால் நிற்பவர் சரியான வசனத்தைச் சத்தமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இது அவர் விருப்பமில்லை, பொறுப்பு. சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறோம். வருடா வருடம் நானே சொல்லித் தருகிறேன்.

நேற்று என் பின்னால் ஏழு வரிசை. முழுவதும் மனனம் செய்து முடித்த ஹாபிழ்கள் மட்டும் அறுபதுக்கு மேல்.

மனனப் பிரிவு உஸ்தாதை நடைக்கூடத்தில் பிடித்தேன். தன்னைச் சுற்றி ஏழு பேர் ஒரே நேரத்தில் ஏழு இடத்தை ஓத, கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "மூணாவது ஆள், அங்க நிறுத்து" என்பார். அப்படிப்பட்ட காது.

"நேத்து சுபுஹுல ஏதாவது கவனிச்சீங்களா?"

தரையைப் பார்த்தார். "இல்லியே உஸ்தாத். கவனிக்கல."

கவனிக்கவில்லையாம்!

சமையல்காரரிடம் திரும்பப் போனேன். "உங்களுக்குத் தெரிஞ்சுதே, நீங்களாவது ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே?"

"நல்லா சொன்னீங்க. நான் ஓதாதவன். முன்னாடி அத்தனை ஹாபிழ் நிக்கிறாங்க. அவங்க எல்லாரும் சும்மா இருக்கும்போது, அப்ப அதுதான் சரி போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

தொழுகை செல்லும். அதன் சட்டம் எனக்குத் தெரியும். அதனால் தூக்கம் கெடவில்லை. அறுபது பேருக்குத் தெரிந்திருக்கிறது. அறுபது பேரும் வாயை மூடிக்கொண்டு என் பின்னால் அந்தச் சுற்றைச் சுற்றி வந்திருக்கிறார்கள். ஏன்? நான் என்ன புலியா?

அக்டோபர் 18, வெள்ளி

விடுமுறை. மனைவியிடம் சொன்னேன். முழுவதும் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க புலியான்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது? கல்யாணமான புதுசுல ஒரு நாள், உங்க சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்கன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"உங்களுக்கு இருக்காது. ரெண்டு நாள் பேசல. அதுக்கப்புறம் நீங்க எப்படிப் போனாலும் நான் சொல்றதில்ல. போன மாசம் கூட செருப்ப மாத்திப் போட்டுட்டுக் கமிட்டிக்குப் போனீங்க. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு."

"அடிப்பாவி!"

"போங்க. சொன்னா குத்தம், சொல்லலன்னா பாவி."

அக்டோபர் 22, செவ்வாய்

ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது. ஆனால் செய்தேன்.

பாடம் பயணத் தொழுகை. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்து அளவுள்ள தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். அந்தி நேரத்து மஃரிப் மூன்றுதான், அது எங்கேயும் மூன்றுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பலகையில் எழுதினேன்: லுஹர் இரண்டு, அஸர் இரண்டு, மஃரிப் இரண்டு, இஷா இரண்டு.

சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றேன். இருபத்திரண்டு பேனாவும் ஓடுகின்றன. ஒட்டகம் மட்டும் நிறுத்தினான். பலகையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி பலகை. கழுத்து மெல்ல இறங்கியது. எழுதினான்.

கேள்வி நேரம் வந்தது. "ஏதாவது கேக்கணுமா?" என்றேன். கால் விரல்கள்.

"ஒட்ட..." என்று வாய் வரை வந்துவிட்டது. "தம்பி, நீ எந்திரி. மஃரிப் எத்தனை?"

"ரெண்டு உஸ்தாத்."

"இன்னைக்குக் காலைல வரைக்கும் உனக்குத் தெரிஞ்சது எத்தனை?"

"மூணு உஸ்தாத்."

"பின்ன ஏன் ரெண்டுன்னு எழுதின?"

ஒட்டகம் நோட்டை மூடினான். பக்கத்தில் இருந்தவன்தான் மெல்லச் சொன்னான். "நீங்க எழுதினா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சோம் உஸ்தாத்."

"போன வாரம் புதன்கிழமை சுபுஹுல நான் சுத்தினேனே, அதுக்கும் காரணம் இருக்கும்னு நெனச்சீங்களா?"

இருபத்திரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அதிலேயே தெரிந்தது, எல்லோருக்கும் தெரியும் என்று.

பலகையை அழித்துத் திருத்தி எழுதினேன். இரண்டு என்று எழுதியது என் தவறு, வேண்டுமென்றே செய்தேன், அடித்துவிட்டு மூன்று என்று எழுதுங்கள் என்றேன். 'என் தவறு' என்று சொன்னதும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இருபத்து நான்கு வருடத்தில் அந்த அறையில் அந்த இரண்டு சொல்லை நான் சொன்னதில்லை போலிருக்கிறது.

கணக்கு வாத்தியாரின் இரண்டு வரியைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "ஒருவரும் பேசவில்லை." அந்தப் பையன் பாராட்டி எழுதவில்லை.

அக்டோபர் 26, சனி

இன்று ஒரு காரியம். கேள்வி நேரம் இவன் சொந்த யோசனை இல்லை, என் எண்பது பக்கத்திலிருந்து எடுத்தது என்று நிறுவ நினைத்தேன். எங்கேயோ எழுதிய நினைவு. காவலாளியும் நானும் அலமாரியைச் சாய்த்து அடியிலிருந்து உருவினோம். ஓரம் எல்லாம் கறையான், நடுவில் நன்றாகவே இருக்கிறது.

முழுவதும் படித்தேன். நேர அட்டவணை இருக்கிறது. தேர்வு முறை இருக்கிறது. வருகைப் பதிவு, நூலகம், ஆசிரியர் தகுதி, தண்டனை விதிகள் (ஒன்பது பக்கம்) எல்லாம் இருக்கின்றன. 'மாணவர்கள்' என்று தொடங்குகிற வாக்கியங்களின் முடிவுகளைப் பார்த்தேன். கேட்க வேண்டும். எழுத வேண்டும். ஒப்பிக்க வேண்டும். கீழ்ப்படிய வேண்டும்.

எண்பது பக்கத்தில் ஒரு மாணவன் வாய் திறந்து கேட்கிற இடம் ஒன்றுகூட இல்லை.

அலமாரி ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு செங்கல் துண்டு தேடி வைக்கச் சொன்னேன்.

நவம்பர் 4, திங்கள்

முதல்வர் அறைக்குப் போனேன். நானாகப் போவது இதுதான் முதல் தடவை. எழுந்து நின்றான். எப்போதும் எழுந்து நிற்பான், அதுவும் எனக்கு நடிப்பாகவே தெரிந்து வந்தது.

"அன்னைக்குப் புதன்கிழமை, சுபுஹுல நீங்க எங்க நின்னீங்க?"

"முதல் வரிசைல உஸ்தாத். உங்களுக்கு நேர் பின்னால."

"நான் சுத்தினது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"பின்ன என்ன? ஊருக்கெல்லாம் சுற்றறிக்கை விடுறீங்க. கேளு, திருத்து, எந்திரிச்சு சொல்லுன்னு. நேர் பின்னால நின்னுக்கிட்டு உங்களுக்கு வாய் வரலியா?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தான். "திறந்தேன் உஸ்தாத். வசனம் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்ப அந்தப் பின்சுவர் ஞாபகம் வந்துச்சு."

"எந்தப் பின்சுவர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கும் ஞாபகம் வந்தது.

"ஒரு மாசம் நின்னேனே. சுண்ணாம்பு முதுகெல்லாம் ஒட்டிக்கும். எங்க உம்மா தினம் சட்டையத் தட்டிவிட்டுக் கேப்பாங்க, எங்கடா போய் உரசிட்டு வர்றேன்னு."

"அது நடந்து இருபத்து மூணு வருஷம் ஆச்சேடா!"

அவன் சிரித்துவிட்டான். "இப்பத்தான் உஸ்தாத் 'டா' போடுறீங்க. அஞ்சு மாசமா நீங்க நீங்கன்னு சொல்லி என்னை ஏதோ இன்ஸ்பெக்டர் மாதிரி ஆக்கி வச்சிருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சுற்றறிக்கை எழுதுறது சுலபம்" என்றான். "அன்னைக்குத் தொழுதுட்டு வந்து இங்க உக்காந்து ரொம்ப வெக்கமா இருந்துச்சு. எனக்கே வாய் வரல. அந்தப் பிள்ளைங்களுக்கு எப்படி வரும்?"

கிளம்பும்போது சொன்னான். "நீங்க அறிக்கை எழுதுறீங்கன்னு தெரியும் உஸ்தாத். என்னைப் பத்தி என்ன தோணுதோ எழுதுங்க. நான் போனா நீங்கதான் இந்த அறைக்கு வருவீங்க. வந்தா, அந்த அஞ்சு நிமிஷத்த மட்டும் எடுத்துடாதீங்க."

கதவு வரை வந்து வழியனுப்பினான். நாற்காலியின் காலைக் கவனித்தேன். ஆடவில்லை. தச்சர் நல்ல வேலைக்காரர்.

நவம்பர் 9, சனி

அறிக்கை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம்: பழைய வரைவை அப்படியே கொடுத்தால் டிசம்பரில் அந்த அறை எனக்கு. பதினான்கு குற்றச்சாட்டும் பொய்யில்லை. தேநீருக்கு நாற்பது நிமிடம் ஆகத்தான் செய்கிறது. வருடக்கணக்காக எதற்குக் காத்திருந்தேனோ அது ஒரு கையெழுத்துத் தூரத்தில். எனக்குப் பின்னால் படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ முதல்வராக, பேராசிரியராக இருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும், "இன்னும் அங்கதானா?" என்கிறார்கள். அந்த 'இன்னும்' இருக்கிறதே...

மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கிழித்த காகிதங்களைப் பார்த்தாள்.

"அந்த நாற்காலில உக்காந்தா சந்தோஷமா இருப்பீங்களா?"

"ஒரு வாரம் இருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சுபுஹு தொழவைக்கணும், எடுத்துக் கொடுக்க ஆளில்லாம."

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மையாகவே திருப்பித்தான் போட்டிருந்தேன். எத்தனை மணி நேரமாக என்று தெரியவில்லை.

நவம்பர் 13, புதன்

கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். தேநீர் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதை எடுக்கவில்லை. அது நியாயம். முற்றம் பெருக்குவதை எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில், அக்டோபர் 16 சுபுஹில் நடந்ததை உள்ளபடி எழுதினேன். கேள்வி நேரம் என் வகுப்பில் மட்டும் தோற்றிருக்கிறது, தோற்றது திட்டமல்ல, நான், என்று எழுதினேன். இவரையே நிரந்தரமாக்குவது மதரஸாவுக்கு நல்லது. கையெழுத்து.

தலைவர் கடையிலேயே நின்றபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன உஸ்தாத் இது? அவரைப் பத்திக் கேட்டா உங்களப் பத்தி எழுதி வச்சிருக்கீங்க?"

"உள்ளது உள்ளபடின்னு நீங்கதான் கேட்டீங்க."

"இல்ல, கமிட்டில எல்லாரும் படிப்பாங்க. அந்த ரெண்டு பேரும் படிப்பாங்க. கடைசிப் பக்கத்த மட்டும் எடுத்துடலாமா? யாருக்கும் தெரியாது."

ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்" என்றேன். "ஒண்ணு மட்டும் செய்யுங்க. இதையாவது அலமாரிக்கு அடியில வைக்காதீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பதினான்கு வருடமாக இதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிக்கை கொடுத்ததைவிட இது ஆறுதலாக இருந்தது. மறைப்பானேன்?

நவம்பர் 19, செவ்வாய்

கேள்வி நேரம். மூன்றாவது நிமிடத்தில் ஒட்டகம் எழுந்தான். எழுந்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"உஸ்தாத், ஜன்னலைச் சாத்தலாமா? வெயில் அடிக்குது."

கேள்விதான். குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

கமிட்டி கூடியது. அவன் நிரந்தரம். எதிர்ப்பில்லை. அந்த இரண்டு பேரும் இன்று என்னைத் தேடி வந்து ஸலாம் சொன்னார்கள். பரிதாபமா, மரியாதையா என்று தெரியவில்லை. பதில் சொன்னேன். வழக்கத்தைவிட ஒரு சொல் அதிகமாக.

சந்தோஷமா என்றால், இல்லை. காலையில் அந்த அறையைத் தாண்டிப் போகும்போது வயிறு எரியத்தான் செய்தது. நாளைக்கும் எரியும். பழகிய எரிச்சல்.

டிசம்பர் 11, புதன்

இன்று சுபுஹில் அதே அத்தியாயத்தை எடுத்தேன். வேண்டுமென்றேதான். இரண்டு மாதமாக அந்தப் பக்கமே போகவில்லை.

பிரிகிற இடம் வந்தது. ஸமூது கூட்டத்தார், பொதுவான சொற்கள். இந்த முறை நிதானமாக, சரியான வழியில் திரும்பினேன். இரண்டு சொல் ஓதியிருப்பேன். பின்னாலிருந்து ஒரு குரல்! மூன்றாவது வரிசை. நடுங்கி, பாதியில் உடைந்து, மறுபடி சேர்ந்து, ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற குரல் இந்த மதரஸாவில் ஒன்றுதான் உண்டு.

எடுத்துக் கொடுத்தது தவறு. அவன்தான் வழி மாறி ஆது கூட்டத்தாரிடம் போயிருந்தான். நான் சரியாகத்தான் ஓதிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தினேன். ஏழு வரிசையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குக் கேட்டது. முதலில் வந்தது கோபம்தான். எழுதி வைக்கிறேன், மறைக்கவில்லை. காது சூடாகிவிட்டது. பிறகு மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒருவேளை அவன் சொன்னதுதான் சரியோ என்று. இல்லை, நான்தான் சரி. அதே வசனத்தை முதலிலிருந்து எடுத்து, கொஞ்சம் தெளிவாக ஓதி, மேலே போனேன்.

ஸலாம் கொடுத்துத் திரும்பினால் ஒட்டகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் கலையும் வரை எழவில்லை. பக்கத்தில் போனேன்.

"உஸ்தாத்... நான்தான் தப்பா..."

"ஆமா. தப்புதான்."

"மன்னிச்சிடுங்க உஸ்தாத். நெஜமாவே நீங்க மாறிட்டீங்கன்னு நெனச்சுதான்..."

"தெரியும். அடுத்த தடவ கொஞ்சம் சத்தமா சொல்லு. பாதி எனக்குக் கேக்கவே இல்ல."

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தண்டனை எப்போது வரும் என்று தேடுகிற பார்வை. வராது என்று புரிய அவனுக்கு இன்னும் சில நாள் ஆகும். எனக்கும்தான்.

சமையலறைப் பக்கம் பால் வாசனை. வழியவில்லை.

வாசலில் முதல்வர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறான், கழுதை.

நாளை வியாழன், அவன் முறை. முதல் வரிசையில், அவனுக்கு நேர் பின்னால் நிற்கப் போகிறேன். எந்த இடத்தில் தடுமாறுவான் என்பது எனக்கு அவனுடைய பதினைந்து வயதிலிருந்தே தெரியும்.